பதிவேட்டுக்குப் பெயர் ஒருமையிலா, பன்மையிலா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை நடந்தது. சண்டை போட்டவர்கள் இருவர். ஒருத்தி என் மகள். புனேயில் ஒரு கம்பெனியில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவள். மற்றவன் மாடி வீட்டுத் தமிழ்ப் பையன். அவனுக்கும் அதே தொழில். சண்டைக்குக் காரணம் ஒரே ஓர் ஆங்கில எழுத்து. ஒரு டேபிளுக்கு 'மெம்பர்' என்று பெயர் வைப்பதா, கடைசியில் ஓர் 'எஸ்' சேர்த்து 'மெம்பர்ஸ்' என்று வைப்பதா என்பதுதான் விவாதம். முக்கால் மணி நேரம் நடந்தது. ரசம் ஆறிப்போயிற்று.

எங்கள் ஊரில் ஓய்வூதியர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலை ஒழுங்குபடுத்தி, வெப் அப்ளிகேஷனாகப் புதிதாக எழுதித் தரும்படி இந்த இரண்டு பேரையும் நான்தான் பிடித்து உட்கார வைத்திருந்தேன். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஓர் அம்மையாரின் ஓய்வூதியம் நின்றுபோன கதை இருந்தது. அது அப்போது எங்கள் மூவருக்குமே தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது இந்தத் தொழிலில் இருக்கிறது. என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'சாஃப்ட்வேர்' என்கிறோம். அடுத்த கேள்வி கேட்டால் விழிக்கிறோம்.

நான் கணிப்பொறி நிபுணன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். ஆனால் பதிவேடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலக அலமாரியில் 'பிரிட்ஜ் ரெஜிஸ்டர்' என்று ஒன்று இருக்கும். அதில் ஒரு பாலத்துக்கு ஓர் இடம். பாலத்தின் எண், எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனை கண், ஒவ்வொரு கண்ணும் எத்தனை மீட்டர், மழைக்காலம் முடிந்து பார்த்தபோது தூண் எப்படி, அரிப்பு உண்டா என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். பக்கத்தில் 'கர்வ் ரெஜிஸ்டர்'. ஒரு வளைவுக்கு ஓர் இடம். இப்படிப் பல.

டேட்டாபேஸ் என்பது அந்த அலமாரிதான். டேபிள் என்பது அலமாரியில் உள்ள ஒரு பதிவேடு. மேலே கட்டங்களின் தலைப்பு, கீழே வரி வரியாக விவரம். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், மின்கட்டணம் செலுத்தும்போதும், திரையில் தெரிகிற பக்கத்துக்குப் பின்னால் ஒரு புரோகிராம் இந்தப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பதிவேட்டைப் புரட்டவேண்டும் என்று அதற்குப் பெயர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பிரிட்ஜ் ரெஜிஸ்டரை 'பிரிட்ஜஸ் ரெஜிஸ்டர்' என்று எங்கள் இலாகாவில் யாரும் எழுதியதில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு முன் இன்னொரு பெயர் அடையாக வந்தால் அது பெரும்பாலும் ஒருமையில்தான் நிற்கும். டேட்டாபேஸுக்கு வந்தபோது 'ரெஜிஸ்டர்' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. அட்டையில் 'பிரிட்ஜ்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. இப்போது அது உள்ளே உள்ள ஒவ்வொரு வரியின் பெயரா, மொத்தப் புத்தகத்தின் பெயரா? வரியின் பெயர் என்றால் ஒருமை சரி. புத்தகத்தின் பெயர் என்றால் உள்ளே பல பாலங்கள் இருப்பதால் பன்மை சரி. சண்டை தொடங்குகிற இடம் இதுதான்.

என் மனைவி ரசத்தை மறுபடி சூடு பண்ணிக்கொண்டே, "நம்ம வீட்டு டப்பாவில 'மிளகாய்'னுதான் எழுதியிருக்கேன், 'மிளகாய்கள்'னு எந்த வீட்டிலயாவது எழுதுவாங்களா?" என்றாள். பையன் கைதட்டினான், அவன் ஒருமைக் கட்சி. மகள் விடவில்லை. "டப்பாகிட்ட நாம கேள்வி கேக்கறதில்லைம்மா. டேபிள்கிட்ட கேக்கறோம்" என்றாள்.

அவள் சொன்னதில் பொருள் உண்டு. இதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை விவரத்தை எடுக்க வேண்டுமானால், அது கணிப்பொறியின் எந்த மூலையில், எந்த வழியாகப் போனால் கிடைக்கும் என்று புரோகிராம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட் அதை மாற்றி, எல்லாவற்றையும் அட்டவணைகளாகவே பார்க்கலாம் என்று கணித வழியில் காட்டினார். அவர் கணக்கில் ஒரு வரி என்பது ஒரு கூற்று: இன்ன சப்ளையர், இன்ன பாகத்தை, இன்ன திட்டத்துக்கு, இத்தனை எண்ணிக்கையில் கொடுக்கிறார். அந்த அட்டவணைக்கு அவர் வைத்த பெயர் 'சப்ளை'. இன்னொன்றுக்கு 'எம்ப்ளாயீ'. இரண்டும் ஒருமை. 1976-இல் பீட்டர் சென் என்பவர் பெட்டியும் கோடுமாக வரைந்து டேட்டாபேஸ் திட்டமிடும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய பெட்டிகளிலும் ஒருமைதான். ஆரக்கிள் பழகியவர்களுக்கு அதன் பயிற்சி டேபிள்கள் நினைவிருக்கும்: 'எம்ப்', 'டெப்ட்'. வாலை நறுக்கிவிட்டால் ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை!

பன்மைக்கு இடம் கொடுத்தது எஸ்.க்யூ.எல். என்ற கேள்வி மொழி. அதே ஐ.பி.எம்.மில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இருவர் 1974-இல் அதை வெளியிட்டார்கள். ஆங்கில வாக்கியம் போலவே படிக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 'உறுப்பினர்களிலிருந்து பெயரை எடு' என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது பன்மை காதுக்கு இதமாக இருக்கிறது. 'உறுப்பினரிலிருந்து பெயரை எடு' என்றால் ஒரே ஆளிடமிருந்து எடுப்பது போல இருக்கிறது. என் மகள் சொன்னது இதைத்தான்.

ஆனால் வாக்கியம் அங்கே முடிவதில்லை. அதன் பின்பாதியில் நிபந்தனை வரும்: உறுப்பினரின் வயது 80-க்கு மேல் இருந்தால், என்று. இந்த நிபந்தனையைக் கணிப்பொறி ஒவ்வொரு வரியாக எடுத்துத்தான் சரிபார்க்கிறது. அங்கே 'உறுப்பினர்களின் வயது' என்றால் எல்லோருடைய வயதையும் கூட்டியது போல ஒலிக்கும். ஆக, ஒரே வாக்கியத்தின் முன்பாதிக்குப் பன்மை பொருந்துகிறது, பின்பாதிக்கு ஒருமை பொருந்துகிறது. அரை நூற்றாண்டாக இந்த வழக்கு தீராமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதை வெப் அப்ளிகேஷன் உலகில் பெரிய வழக்காக ஆக்கியது 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்ற கருவி. என் மகள் வேலையில் சேர்ந்த புதிதில், "அப்பா, நான் ரெயில்ஸ்ல வேலை செய்யறேன்" என்று போனில் சொன்னாள். பரீட்சை எழுதாமலே எடுத்துக்கொண்டார்களா என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். இது டேவிட் ஹைன்மையர் ஹான்சன் என்ற டென்மார்க்காரர் 2004-இல் வெளியிட்டது. இதில் பெயரை ஒவ்வொரு இடத்திலும் எழுதிக் காட்ட வேண்டாம். வழக்கத்தைப் பின்பற்றினால் கருவியே ஊகித்துக்கொள்ளும். புரோகிராமில் ஓர் உறுப்பினருக்கு உரிய வார்ப்பு 'மெம்பர்' என்று ஒருமையில் இருந்தால், அலமாரியில் 'மெம்பர்ஸ்' என்ற பன்மைப் பதிவேட்டைத் தானே போய்த் தேடும். வார்ப்பு ஒன்று, வார்த்தெடுத்தவை பல. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. எங்கள் தொழிலிலும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கு வரைபடம் ஒன்றுதான். பாதையில் கிடப்பவை ஆயிரக்கணக்கில்.

ஆனால் ஊகிக்க வேண்டுமானால் கருவிக்கு ஆங்கில இலக்கணம் தெரிய வேண்டுமே! அதற்காக ரெயில்ஸுக்குள்ளேயே ஒரு குட்டி இலக்கணப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். பொதுவாக 'எஸ்' சேர். 'பெர்சன்' வந்தால் 'பீப்பிள்' ஆக்கு. 'சைல்டு' வந்தால் 'சில்ரன்' ஆக்கு. 'ரைஸ்', 'மனி', 'ஷீப்', 'ஃபிஷ்', 'எக்விப்மென்ட்', 'போலீஸ்' முதலியவற்றைத் தொடாதே. 'ஜாம்பி' என்ற பேய்க்குக்கூட அதில் தனி விதி உண்டு. 'வைரஸ்' என்பதற்கு அது தருகிற பன்மை 'வைரை'. லத்தீன் படித்தவர்கள் அப்படி ஒரு பன்மையே கிடையாது என்பார்கள். தப்பென்று தெரிந்தும் மாற்றுவதில்லை; அதை நம்பி எழுதிய புரோகிராம்கள் உடைந்துவிடும்.

ஆங்கிலத்துக்கே இப்படி என்றால் நம் ஊர்ச் சொற்கள் படும் பாடு வேடிக்கை. ஆங்கில எழுத்தில் 'டி', 'ஏ' என்று முடியும் சொல்லைக் கண்டால் அது லத்தீன் பன்மை என்று ரெயில்ஸ் முடிவு செய்துவிடும். 'டேட்டா'வுக்கு ஒருமை 'டேட்டம்' அல்லவா, அந்தக் கணக்கு. வடக்கே கடை கண்ணிகளில் கணக்குப் புத்தகத்துக்கு 'காத்தா' என்பார்கள், நமக்கெல்லாம் பழகிய சொல். அந்தப் பெயரில் ஒரு டேபிள் வைத்தால், அதைப் பன்மை என்று எடுத்துக்கொண்டு, ஒருமையில் 'காத்தம்' என்று ஒரு வார்ப்பைத் தேடும். அப்படி ஒன்று எங்கும் இருக்காது, புரோகிராம் நின்றுவிடும். மகள் இதைச் சொன்னதும் மாடி வீட்டுப் பையன் தன் அம்மாவின் பெயர் கீதாவைப் போட்டுப் பார்த்தான். நம்மவர் எழுதுவது போல 'டி'க்குப் பின் 'எச்' போட்டால் தப்பிக்கிறாள். இந்த ஊர்க்காரர்கள் எழுதுவது போல 'எச்' இல்லாமல் எழுதினால் 'கீதம்' ஆகிவிடுகிறாள். ரேஷன் கார்டிலும் பள்ளிக்கூடச் சான்றிதழிலும் அந்த 'எச்'சுக்காக நாம் பட்ட பாட்டுக்கு ஓரிடத்திலாவது அது பயன்பட்டதே!

பையன் பழகியது 'ஜாங்கோ' என்ற கருவி. 2005-இல் வெளிவந்தது. அது ஒருமைக் கட்சி. வார்ப்பின் பெயரை அப்படியே எடுத்து, அப்ளிகேஷனின் பெயரை முன்னால் ஒட்டி டேபிளுக்கு வைத்துவிடும். இலக்கணப் புத்தகம் தேவையில்லை. அதுவும் திரையில் தலைப்புக் காட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 'எஸ்' சேர்க்கும். 'கேட்டகரி' என்ற வார்ப்பு திரையில் எழுத்துப்பிழையோடு நிற்பதைப் பார்த்தால் அது ஜாங்கோவில் புதிதாக எழுதியவர் கைவேலை என்று புரிந்துகொள்ளலாம். 2011-இல் வந்த 'லாராவெல்' மூன்றாவது ரகம்: தனி டேபிள்களுக்குப் பன்மை; இரண்டு டேபிள்களை இணைக்கும் நடு டேபிளுக்கு மட்டும் இரண்டு ஒருமைப் பெயர்களை அகரவரிசைப்படி சேர்த்து வைக்கும். மைக்ரோசாஃப்டின் 'நார்த்விண்ட்' என்ற மாதிரி டேட்டாபேஸில் 'கஸ்டமர்ஸ்', 'ஆர்டர்ஸ்' என்று பெரும்பாலானவை பன்மையாக இருக்க, நடுவில் 'ரீஜன்' என்று ஒன்று ஒருமையில் உட்கார்ந்திருக்கிறது. அதே நிறுவனம் பிறகு தந்த 'அட்வென்சர் ஒர்க்ஸ்' மாதிரியில் 'எம்ப்ளாயீ', 'புராடக்ட்' என்று ஒருமை. குருவே இப்படி என்றால் சீடர்களைச் சொல்லிப் பயனில்லை.

வழக்கில் எனக்கு உறைத்த ஒரு வாதம் பன்மைக் கட்சியுடையது. எஸ்.க்யூ.எல். மொழி தன் உபயோகத்துக்கென்று சில சொற்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. 'ஆர்டர்' என்றால் வரிசைப்படுத்து, 'குரூப்' என்றால் தொகுத்துக் கொடு. உங்கள் டேபிளுக்கு 'ஆர்டர்' என்று பெயர் வைத்தால் அதற்குக் குழப்பம் வந்து பிழை என்று நிறுத்திவிடும். 'ஆர்டர்ஸ்' என்றால் தொல்லையில்லை. நிறுத்திவிட்டால் பரவாயில்லை, நாம் திருத்திக்கொள்வோம். 'போஸ்ட்கிரெஸ்' என்ற டேட்டாபேஸில் 'யூசர்' என்ற சொல் அப்படி நிறுத்துவதில்லை. 'யூசர் டேபிளில் உள்ள எல்லாவற்றையும் காட்டு' என்று கேட்டால், உங்கள் டேபிளை விட்டுவிட்டு, இப்போது டேட்டாபேஸுக்குள் நுழைந்திருப்பவர் பெயரை மட்டும் ஒரே வரியில் காட்டும். பிழை என்ற பேச்சே இல்லை. டேபிள் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால்தான் சரியான விடை வரும்.

ரயில்காரன் காதில் இது விழுந்தால் உடம்பு சிலிர்க்கும். எங்கள் சிக்னல் ஏற்பாட்டில் அடிப்படை விதி ஒன்று உண்டு: எது பழுதானாலும் சிவப்புக்குத் திரும்பவேண்டும். வண்டி நின்றுபோனால் தாமதம்தான். பழுதான சிக்னல் பச்சை காட்டினால் உயிர் போகும். தப்பான பெயருக்குத் தப்பான விடையைச் சத்தமில்லாமல் தருவது பச்சை காட்டுவதுதான்.

நமக்கு இந்தச் சண்டை கொஞ்சம் அந்நியமாகப் படுவதற்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'நாலு இட்லி', 'பன்னிரண்டு பெட்டி' என்கிறோம். எண் இருக்கும்போது 'கள்' எதற்கு என்பது நம் பேச்சு வழக்கு. நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று படித்திருப்பீர்கள். 'மாடு மேய்ந்தது' என்றால் ஒன்று, 'மாடு மேய்ந்தன' என்றால் பல. 'மாடு' என்ற பெயர் தன்னளவில் எதையும் சொல்லாது, வினைதான் சொல்லும். போதாததற்கு ஒரே ஆளை மரியாதைக்காக 'அவர்கள்' என்கிறோம். எங்கள் டேபிளுக்குத் தமிழில் 'உறுப்பினர்' என்று வைத்தால் அது ஒருவரா, பலரா? 'உறுப்பினர் வந்தார்' என்றாலும் சரி, 'உறுப்பினர் வந்தனர்' என்றாலும் சரி. நான் இதைச் சொன்னபோது, "அப்ப தமிழ்லயே வச்சிடலாமே மாமா, சண்டை தீர்ந்துது" என்றான் பையன். தீரவில்லை, மறைந்துகொண்டது என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று வழக்கை முடித்து வைத்தது மகள்தான். அப்ளிகேஷனை ரெயில்ஸில் எழுதப் போகிறோம். அதன் வழக்கம் பன்மை. ஒரே ஒரு வரி எழுதி அதை ஒருமைக்கு மாற்றிவிடலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் நாளைக்கு யார் வந்து இதைத் தொட்டாலும் ரெயில்ஸ் வழக்கத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஓடுகிற பாதையின் அகலத்துக்குத்தான் சக்கரம் செய்யவேண்டும் என்று எனக்கும் பட்டது. 'மெம்பர்ஸ்' என்று முடிவாயிற்று.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அந்த அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் எங்கள் சங்கத்தில் பழைய உறுப்பினர். முந்தின கோடையில் காலமானார். குடும்ப ஓய்வூதியம் அம்மையார் பெயருக்கு மாறி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. டிசம்பர் மாதத்துக்கு வரவில்லை. மருந்துக் கடையில் கடன் சொல்லியிருக்கிறார். மகன் துபாயில், அவனிடம் சொல்லக் கூச்சம்.

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. ஓய்வூதியர் ஒவ்வொருவரும் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும். 2014-இல் 'ஜீவன் பிரமாண்' வந்தபின் விரல்ரேகை வைத்தே கொடுத்துவிடலாம். எங்கள் சங்கத்தில் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியோடு ஆளை வரவழைத்து எல்லோருக்கும் செய்துவைப்போம். முன்னதாகக் கைபேசியில் செய்தி அனுப்புவோம். கணவர் இருந்தவரை இந்த வேலையெல்லாம் அவருடையது. "செய்தி வரும்னு பார்த்துட்டே இருந்தேங்க. வரலை. சரி, இந்த வருஷம் வேண்டாம் போலிருக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

ஏன் வரவில்லை என்று அன்று மாலை பழைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதன் பெயரும் 'மெம்பர்ஸ்'தான். வேறொரு தன்னார்வலர் சில ஆண்டுகளுக்கு முன் செய்து கொடுத்தது. கணவர் பெயரில் ஒரு வரி. அதில் மனைவி பெயருக்கு ஒரு கட்டம். கைபேசி எண்ணுக்கு ஒரே கட்டம். கோடையில் எங்கள் அலுவலகத்தில் யாரோ அந்த வரியில் 'காலமானார்' என்று முறைப்படி குறித்திருக்கிறார்கள். காலமானவர்களுக்குச் செய்தி போகாது. அந்த ஒரு சொல்லால் கணவரோடு மனைவியும் சங்கத்தின் கணக்கில் இல்லாமல் போய்விட்டார்.

அந்த ஞாயிறு செயற்குழுவைக் கூட்டினேன். மகளையும் போனில் இணைத்தோம். நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்த டேபிளில் ஒரு வரி என்றால் என்ன?" செயலாளர், "ஓர் ஓய்வூதியர்" என்றார். பொருளாளர், "ஒரு சந்தா ரசீது, அதாவது ஒரு குடும்பம்" என்றார். மூத்த உறுப்பினர் ஒருவர், "ஒரு பி.பி.ஓ. நம்பர். அதை வைத்துத்தானே வரிசை போட்டோம்" என்றார். மூன்று பேரும் பல ஆண்டுகளாக அதே பட்டியலை உபயோகித்து வருபவர்கள். 'மெம்பர்ஸ்' என்று சொல்லும்போது மூவருக்கும் ஒரே பொருள் போலத்தான் இருந்தது. 'ஒரு மெம்பர் யார்' என்றதும் மூன்று விடை வந்தது.

எங்கள் பிரிட்ஜ் ரெஜிஸ்டரில் இந்தத் தகராறு வர வழியில்லை. ஒரு கண் மட்டும் உள்ள சிறு பாலத்துக்கும் தனி எண் உண்டு. பத்துக் கண் உள்ள பெரிய பாலத்துக்கும் ஓர் எண்தான். எதை ஒரு பாலம் என்று கணக்கிடுவது என்பதை எங்களுக்கு முன்னாலேயே யாரோ உட்கார்ந்து தீர்மானித்து வைத்துவிட்டார்கள். எங்கள் சங்கத்தில் அப்படி யாரும் உட்காரவில்லை.

நான் அப்போதே ஒருமைக் கட்சிக்குத் தாவிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமையில் பெயர் வைக்கும்போது 'ஒரு வரி என்ன' என்ற கேள்வியை வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. பன்மை அதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "பன்மை மேல தப்பில்லைப்பா. பழைய டேபிளுக்கு 'மெம்பர்'னு வச்சிருந்தாலும் அந்த மனுஷர் அதே கட்டங்களைத்தான் போட்டிருப்பார்" என்றாள். இருக்கலாம். எனக்கு இன்னும் முழுச் சமாதானம் ஆகவில்லை.

பெயரை அப்படியே வைத்துக்கொண்டு டேபிளைத்தான் பிரித்தோம். ஆளுக்கு ஒரு டேபிள்: கணவருக்கு ஒரு வரி, மனைவிக்கு ஒரு வரி, ஒவ்வொருவருக்கும் அவரவர் கைபேசி எண். ரெயில்ஸ் அதற்குத் தானாக 'பீப்பிள்' என்று பெயர் கொடுத்துக்கொண்டது. குடும்பத்துக்கு ஒரு டேபிள், சந்தாவுக்காக. ஓய்வூதியத்துக்கு ஒரு டேபிள்: ஒரு பி.பி.ஓ.வுக்கு ஒரு வரி, அதை இப்போது வாங்குகிறவர் யார் என்பதற்கு ஒரு கட்டம். கணவர் போனால் அவர் வரியில் குறிப்பு விழும், பி.பி.ஓ. வரியில் வாங்குகிறவர் மனைவி என்று மாறும். ஓய்வூதியம் வாங்குகிற உயிரோடிருக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் செய்தி போகும்.

இதையெல்லாம் அப்ளிகேஷன் ஓடத் தொடங்குமுன் செய்ய முடிந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஓடத் தொடங்கியபின் ஒரு டேபிளின் பெயரை மாற்றுவதென்றால் அதைக் குறிப்பிடும் புரோகிராம், அறிக்கை, பிற டேபிள்களின் இணைப்பு எல்லாவற்றையும் தேடித் திருத்தவேண்டும். மதராஸ் 1996-இல் சென்னை ஆயிற்று. சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் பெயர் வைத்தார்கள். ஆனால் நாம் ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது இன்றும் அடிப்பது 'எம்.ஏ.எஸ்.' என்ற பழைய மதராஸ் குறியைத்தான். முகல்சராய்க்கு 2018-இல் பெயர் மாறியபோது குறியையும் சேர்த்து மாற்றினார்கள். அப்போது எத்தனை இடங்களில் திருத்தியிருப்பார்கள் என்று இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன்.

அம்மையாரை மறுநாளே வங்கிக்கு அழைத்துப்போய்ச் சான்றிதழ் கொடுத்தோம். நின்றிருந்த தொகை நிலுவையோடு வந்துவிட்டது. அதற்கடுத்த நவம்பரில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று நானே போன் செய்து கேட்டேன். "ரெண்டு தடவை வந்துதுங்க" என்றார். ஏன் இரண்டு தடவை என்று பையன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது எங்கள் அலமாரியில் 11 டேபிள்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஒரு வரி என்பது ஒரு...' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் தமிழில் எழுதி, அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பத்து டேபிள்களின் பெயர் பன்மை. பதினோராவது, உடல் தளர்ந்தவர்களுக்கு நாங்கள் இரவலாகத் தரும் சாமான்களுக்கானது; 'எக்விப்மென்ட்' என்ற சொல்லுக்கு ரெயில்ஸில் பன்மை இல்லாததால் அப்படியே நிற்கிறது. ஒரு வரி என்பது ஒரு சக்கர நாற்காலி, அல்லது ஒரு வாக்கர், அல்லது ஒரு கைத்தடி. வாக்கர் மூன்று இருக்கிறது. தேவைப்படுகிற வீட்டார் சொன்னால் கொண்டுவந்து தருகிறோம்.